படி உறுதியா இருக்கா? பிக்கப் வண்டிக்குப் புட் ஸ்டெப் வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



நம் கூட்டமைப்பில் இப்போது பல குழுக்கள் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கின்றன. காய்கறி, பால், கீரை, தென்னங்கீற்று, சாணி எரு என்று எல்லாம் அதில்தான் போகிறது. 2005-ல் குட்டியானை வந்த பிறகு, "நமக்கெல்லாம் எதுக்கு லாரி வண்டி?" என்று சொன்ன ஊர்களில்கூட வாசலுக்கு வாசல் சின்னச் சரக்கு வண்டி நிற்கிறது. அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் வந்துவிட்டன.

வண்டி வாங்கும்போது இன்ஜின், டயர், மைலேஜ், தவணை என்று எல்லாம் விசாரிக்கிறோம். ஏறி இறங்கும் படியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. "அது ஒரு இரும்புத் துண்டுதானே" என்று நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பு எங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் அனுபவம்

எங்கள் குழுவில் 12 பேர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் கொண்டுபோக வங்கிக் கடனில் ஒரு பிக்கப் வாங்கினோம். கேபின் உயரமாக இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் இரண்டு பக்கமும் படி மாட்டலாம் என்று கூட்டத்தில் பேசினோம். ஒரு கடையில் 4,600 ரூபாய் சொன்னார்கள். இன்னொரு கடையில் 1,800. "அதே மாதிரிதான்கா இருக்கு, எதுக்கு அவ்வளவு குடுக்கணும்?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. 1,800 கொடுத்து மாட்டினோம்.

ஏழாவது மாதம், ஒரு மழை நாள் விடியற்காலை. எங்கள் உறுப்பினர் ஒருவர் கேபினிலிருந்து இறங்கப் படியில் காலை வைத்தார். படி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு தொங்கியது. அக்கா கீழே விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவச் செலவு 14,000 ரூபாய். ஆறு வாரம், அதாவது 42 நாள், ஒரு நாளைக்கு 300 ரூபாய்க் கூலி என்று பார்த்தாலும் 12,600. மொத்தம் 26,600 ரூபாய். 2,800 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் இவ்வளவும் போனது. பணத்தையாவது உள்கடன் கொடுத்துச் சமாளித்தோம். அந்த ஆறு வாரம் அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் சோறாக்கினாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

உடைந்த படியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு பழைய பட்டறைக்காரரிடம் போனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படி உடையலம்மா. மாட்டின இடம்தான் கிழிஞ்சிருக்கு" என்றார். அங்கேதான் எங்கள் பாடம் ஆரம்பமானது. அன்று முதல் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் வண்டியை அளப்போம்

கடைக்குப் போகும் முன் ஓர் இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். சமமான தரையில் வண்டியை நிறுத்தி மூன்று அளவுகளை எடுத்துத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அளவு: தரையிலிருந்து கேபினின் உள்தரை வரை உள்ள உயரம். நம் வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி 6 அல்லது 7 இஞ்ச் உயரம்தான் இருக்கும். வண்டியிலோ 28, 30 இஞ்ச்சை ஒரே மூச்சில் ஏற வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய தொல்லை. படி இந்த உயரத்தின் நடுவில் வந்தால், ஏறுவதும் இறங்குவதும் இரண்டு சமமான அடிகளாகிவிடும். 30 இஞ்ச் என்றால் படி சுமார் 15 இஞ்ச்சில் இருக்கலாம்.

இரண்டாவது அளவு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், வண்டியின் அடியில் மிகத் தாழ்வாக இருக்கும் பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? படி அதற்கும் கீழே இறங்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம் தாழ்வா வச்சா ஏற சுலபமா இருக்குமே" என்று தோன்றும். ஆனால் வேகத்தடையிலும், வரப்பு ஏறும்போதும், வண்டிப்பாதைப் பள்ளத்திலும் முதலில் இடிபடுவது அந்தப் படிதான். பாரம் ஏற்றினால் வண்டி இன்னும் இறங்கும். அதனால் காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை என்று இரண்டு முறை அளக்க வேண்டும்.

மூன்றாவது அளவு: வண்டியின் மொத்த அகலம். படி எந்தப் பக்கமும் வண்டியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சைக்கிளில் வருபவர்களின் முழங்காலையும் ஆட்டுக்குட்டியின் காலையும் அது பதம் பார்க்கும். சட்டத்துக்கும் ஆகாது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

எந்த உலோகம் நல்லது?

கடையில் போய் நின்றால் நான்கைந்து வகை காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

சாதாரண இரும்பு: பலம் அதிகம், விலை குறைவு. உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்க்கலாம். ஆனால் துருப்பிடிக்கும். மேலே கறுப்பாகப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். குழாயின் உள்பக்கம் பெயின்ட் இருக்காது. அங்கே தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். அதனால் குழாயின் இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும், அடிப்பக்கம் தண்ணீர் வடியச் சின்னத் துளை இருக்க வேண்டும்.

துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு: இதைத்தான் ஜி.ஐ. என்கிறோம். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படுத்துகிறோமே, அதே பூச்சுதான். சீக்கிரம் துருப்பிடிக்காது. வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு கருகிப் போயிருக்கும். அந்த இடத்தில் மறுபடி துத்தநாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

எவர்சில்வர்: பார்க்க அழகு. இதிலும் 202, 304 என்று ரகங்கள் உண்டு. 304 ரகம் துருவை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். கடலோர ஊர்களில் மீன், கருவாடு, ஐஸ் ஏற்றும் குழுக்களுக்கு 304 ஏற்றது. உப்புத்தண்ணீர் படும் வண்டியில் சாதாரண இரும்பு சீக்கிரம் போய்விடும். காந்தம் வைத்துப் பார்த்தால் எவர்சில்வர் முலாம் பூசிய இரும்பைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 202-ஐயும் 304-ஐயும் காந்தத்தால் பிரித்து அறிய முடியாது. அதனால் ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அலுமினியம்: எடை குறைவு, துருப்பிடிக்காது. நல்ல கனத்தில் வார்த்தது என்றால் உழைக்கும். மெல்லிய தகடு என்றால் ஒரு கல் பட்டாலே நெளிந்துவிடும். நெளிந்ததைச் சரி செய்வதும் கடினம்.

பிளாஸ்டிக், பைபர்: கார்களுக்கு அழகுக்காக மாட்டுவது. உள்ளே இரும்புச் சட்டம் இருந்தால் மட்டுமே மேலே பிளாஸ்டிக் மூடி பரவாயில்லை. வெறும் பிளாஸ்டிக் படி நம் வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

கனத்தைத் தராசில் கண்டுபிடிப்போம்

பட்டறைகளில் தகட்டின் கனத்தைக் 'கேஜ்' கணக்கில் சொல்வார்கள். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நமக்கு எண் கூடினால் பொருளும் கூடும் என்றுதான் தோன்றும். கேஜ் கணக்கு தலைகீழ். எண் கூடக் கூடத் தகடு மெல்லிசாகும்.

14 கேஜ் - சுமார் 2 மில்லிமீட்டர்
16 கேஜ் - சுமார் 1.6 மில்லிமீட்டர்
18 கேஜ் - சுமார் 1.2 மில்லிமீட்டர்

"பதினெட்டு கேஜ்மா, நல்ல ஸ்ட்ராங்கு" என்று ஒருவர் சொன்னால், மூன்றிலும் மெல்லிசானதைக் காட்டுகிறார் என்று அர்த்தம். ஆள் ஏறி இறங்கும் படிக்கு 14 கேஜுக்குக் குறையாமல் கேளுங்கள். எங்கள் பழைய படி 18 கேஜ் என்பது பிறகுதான் தெரிந்தது.

குழாயின் இரண்டு முனையும் மூடியிருந்தால் கனத்தை எப்படிப் பார்ப்பது? நம்மிடம் தராசு இருக்கிறதே! 1 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் இருந்தால் அதன் எடை சுமார் 7 கிலோ 850 கிராம். இது எந்த ஊரிலும் மாறாத கணக்கு. இதை வைத்துப் போட்டால்:

மூன்று அடி நீளம், ஆறு இஞ்ச் அகலமுள்ள மேல்தகடு 2 மி.மீ. கனம் என்றால் சுமார் 2 கிலோ 200 கிராம் இருக்கும். 1.2 மி.மீ. என்றால் 1 கிலோ 300 கிராம்தான் இருக்கும்.

மூன்று அடி நீளமுள்ள ஒன்றரை இஞ்ச் குழாய் 2 மி.மீ. கனம் என்றால் சுமார் 1 கிலோ 600 கிராம். 1.2 மி.மீ. என்றால் ஒரு கிலோதான்.

அளவு ஒன்றாகவும் எடை வேறாகவும் இருந்தால், எடை கூடியதில்தான் இரும்பு கூடுதல். எங்களுக்கு 1,800-க்கும் 4,600-க்கும் வித்தியாசம் கண்ணில் தெரியவில்லை. தராசில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தக்காளி வியாபாரியிடம் கிராம் கணக்குப் பார்க்கிற நாம் இரும்பு வாங்கும்போது ஏன் விடுகிறோம்?

மாட்டும் இடம்தான் உயிர்

இனிமேல்தான் முக்கியமான பகுதி. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துக் காட்டுங்கள்.

பிக்கப் வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள் ஓடும். குறுக்குச் சட்டங்களோடு பார்த்தால் ஏணியைப் படுக்க வைத்ததுபோல இருக்கும். இதுதான் சேசிஸ். வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குவது இதுதான். இதன்மேல் ரப்பர் கட்டைகளை வைத்துக் கேபினை உட்கார வைத்திருக்கிறார்கள். கேபின் தகடு மெல்லியது. மழை வெயில் மறைக்கும் கூரை போன்றது, சுமை தாங்கும் தூண் அல்ல.

எங்கள் படியைக் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு, இரண்டே போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். ஏழு மாதம் ஏறி இறங்கியதில் ஓட்டை பெரிதாகி, ஓரத்தில் துருப்பிடித்துத் தகடே கிழிந்துவிட்டது. கீற்றுக் கொட்டகையின் ஓலையில் தொட்டில் கட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அதனால் கடைக்காரரிடம் முதல் கேள்வியாக, "இதை எங்கே மாட்டுவீங்க?" என்று கேளுங்கள். "சேசிஸ்ல" என்று பதில் வர வேண்டும். மாட்டும்போது அருகில் இருந்து பாருங்கள். ஒரு பிராக்கெட்டைச் சேசிஸிலும் இன்னொன்றைக் கேபின் தகட்டிலும் மாட்டுவதும் தவறு. வண்டி ஓடும்போது சேசிஸ் ஒரு மாதிரி ஆடும், கேபின் வேறு மாதிரி ஆடும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நடுவில் இருக்கும் படி விரிசல் விடும்.

படி எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ, அவ்வளவுக்குப் பிராக்கெட் மேல் அழுத்தம் கூடும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், நகராது. கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரலால் நகரும். அதே கணக்குத்தான். படியின் வெளி ஓரத்தில் நாம் காலை வைக்கும்போது, நம் எடை பிராக்கெட்டை நெம்புகோல் போட்டு நெம்புகிறது. அதனால்:

பிராக்கெட் 5 மி.மீ. கனமுள்ள பட்டையில் இருக்கட்டும். மூலையில் முக்கோணமாக ஒரு தாங்கு தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் மிகவும் நல்லது. வீட்டுச் சுவர்ப் பலகைக்கு அடியில் முக்கோணத் தாங்கி வைக்கிறோமே, அதுபோல.

மூன்று அடிப் படிக்கு இரண்டு பிராக்கெட் குறைந்தபட்சம். மூன்று இருந்தால் நிம்மதி.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். சாதாரண 4.6 ரக போல்ட்டைவிட இது இழுவிசையில் இரு மடங்கு தாங்கும். எண் எதுவும் இல்லாத போல்ட் வேண்டாம். நட்டு தானாகக் கழலாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போடச் சொல்லுங்கள்.

சேசிஸில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளை போடுவதும், சேசிஸில் நேராக வெல்டிங் வைப்பதும் வண்டியின் முதுகெலும்பைப் பலவீனமாக்கும். வாரண்டியும் போய்விடும்.

பட்டறையில் படி மேலேயே ஏதாவது வெல்டிங் வேலை செய்ய வேண்டியிருந்தால், படியைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியோடு வைத்து நெருப்புப் பொறி பறக்க விட்டால், பக்கத்தில் டீசல் டேங்க் இருக்கிறது, பிரேக் குழாய் இருக்கிறது, வயர்கள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் மின்னணுக் கருவிகள் அதிகம். வெல்டிங் மின்சாரம் பாய்ந்தால் அவை கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. "அஞ்சு நிமிஷ வேலைதாம்மா" என்று சொன்னாலும் விடாதீர்கள்.

காலும் புடவையும் செருப்பும்

கடையில் காட்டும் படிகளில் பல, பேன்ட்டும் ஷூவும் போட்டவர்களை மனதில் வைத்துச் செய்தவை. நாம் புடவை கட்டி, ரப்பர் செருப்பு போட்டு, சில நேரம் வெறுங்காலோடு ஏறுகிறோம். அதனால் நாம் பார்க்க வேண்டியவை தனி.

வெறும் உருட்டுக் குழாய்ப் படி வேண்டாம். மழையில் வழுக்கும். பாதத்தின் முன்பாதி முழுதாகப் பதியும்படி ஐந்து, ஆறு இஞ்ச் அகலத் தட்டு இருக்க வேண்டும்.

மேலே செக்கர் பிளேட் போட்டிருக்கலாம். பேருந்துப் படியில் பார்த்திருப்பீர்கள், மேடு மேடாக இருக்கும் தகடு. அல்லது துளையிட்ட தகடு இருக்கலாம். துளை வழியே சேறு கீழே விழுந்துவிடும். ஆனால் துளையின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கத்திபோல இருந்தால் வெறுங்காலைக் கிழிக்கும். ரப்பர் ஒட்டிய படி என்றால், ரப்பரைத் திருகாணியால் பிடித்திருக்க வேண்டும். வெறும் பசை ஒரு கோடையில் விட்டுவிடும்.

முனைகளில் கூர் இருக்கக் கூடாது. நீட்டிய போல்ட் இருக்கக் கூடாது. புடவை ஓரம் அதில் மாட்டினால் விழுவது நாம்தான். மாட்டி முடித்ததும் ஒரு பழைய துணியால் படி முழுவதும் தேய்த்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே புடவையும் சிக்கும். அந்த இடத்தை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

படிக்கும் வண்டிக்கும் நடுவில் கால் நுழையும் அளவு சந்து இருக்கக் கூடாது.

கைப்பிடி இல்லாமல் படி மட்டும் இருந்து பயனில்லை. கேபினுக்குள் பிடித்து ஏறக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று சேர்த்தே பாருங்கள்.

பின்பக்கப் படி

பாரம் ஏற்றி இறக்குபவர்களுக்குப் பின்பக்கப் படி உதவும். டயரில் கால் வைத்து ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது நம்பர் பிளேட்டையோ பின்விளக்கையோ மறைக்கக் கூடாது. அடியில் ஸ்டெப்னி இருந்தால், படியைக் கழற்றாமல் அதை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ராத்திரி நடுவழியில் பஞ்சரானால்தான் இதன் அருமை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் முன்னால் மாட்டும் பெரிய இரும்புக் கம்பி பம்பர்களை இந்தப் பிரிவைக் காட்டித்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்று சொன்னது.

எனவே படி விஷயத்தில் பாதுகாப்பான வழி இதுதான். முதலில் வண்டி வாங்கிய ஷோரூமில், உங்கள் மாடலுக்குக் கம்பெனியே தரும் படி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வெளியில் வாங்கும் படி வண்டியின் அகலத்தைக் கூட்டாததாக, போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். எப்.சி. காட்டும் நாளில் அவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, முன்பே கேட்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். படி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டுமே. ஓடும் வண்டியில் படியில் நின்றுகொண்டு யாரும் வரக் கூடாது. "தோட்டம் வரைக்கும்தானே" என்று சொல்பவரையும் இறக்கிவிடுங்கள். கேபினில் ஆர்.சி.யில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் உட்காரக் கூடாது. பின்னால் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது பெரிய சிக்கல் வரும். படி வசதியாக இருக்கிறது என்பதற்காக ஆள் ஏற்றும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

குழுவாக வாங்குவது எப்படி?

தனி ஆளாகப் போனால் பேசிப் பேசியே தலையில் கட்டிவிடுவார்கள். வேறு பொருள் வாங்கும்போது என்ன செய்கிறோமோ, அதையே இதற்கும் செய்வோம்.

கூட்டத்தில் பேசி இரண்டு மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழுவைத் தீர்மானத்தில் எழுதுங்கள். வண்டி ஓட்டுபவரையும், தினமும் ஏறி இறங்கும் உறுப்பினர் ஒருவரையும் அதில் சேருங்கள். மூட்டுவலி உள்ள அக்கா ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குச் சரியாக இருந்தால் எல்லோருக்கும் சரியாக இருக்கும்.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். விலை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு போதாது. உலோக ரகம், கேஜ், எடை, பிராக்கெட் எண்ணிக்கை, எவ்வளவு பாரம் தாங்கும், மாட்டுக்கூலி சேர்த்தா சேர்க்காமலா என்று எல்லாம் இருக்க வேண்டும்.

பாரத்துக்கு ஒரு கணக்கு. உறுப்பினர் 55 கிலோ, கையில் கூடை 15 கிலோ, ஆக 70 கிலோ. இறங்கும்போது தொப்பென்று காலை வைத்தால் அழுத்தம் அதைவிடக் கூடும். இரண்டு மடங்கு என்று வைத்தால் 140. ஆகவே ஒரு பக்கப் படி 150 கிலோவாவது தாங்கும் என்று எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். வாரண்டியும் எழுத்தில் வேண்டும். எங்களிடம் 1,800 ரூபாய்க்குப் பில் இல்லை. அதனால் கடையில் போய் நின்றபோது, "நம்ம கடையில வாங்கினதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில் இருந்தும் நியாயம் கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

மாட்டிய அன்றே சோதனை

பணம் முழுவதையும் கொடுக்கும் முன் பட்டறையிலேயே இவற்றைச் செய்யுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து, கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு, படியின் வெளி ஓரத்தில் மெதுவாக ஏறி நில்லுங்கள். மூன்றாமவர் குனிந்து பிராக்கெட்டைப் பார்க்கட்டும். இறங்கியதும் படி பழைய இடத்துக்கே வர வேண்டும். வளைந்தபடியே நின்றாலும், டக் டக் என்று சத்தம் வந்தாலும் வாங்க வேண்டாம்.

கதவை முழுதாகத் திறந்து மூடுங்கள். படியில் இடிக்கக் கூடாது. வண்டியைப் பாரத்தோடு ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அடியில் பிரேக் குழாயோ வயரோ படியில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதிதாக மாட்டிய போல்ட் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடி முறுக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். போல்ட் தலையிலும் பக்கத்துச் சட்டத்திலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

சேறு, சாணி, உப்பு பட்டால் அன்றே கழுவுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள்.

ஏறும் முறை, இறங்கும் முறை

எவ்வளவு நல்ல படியாக இருந்தாலும் ஏறத் தெரிய வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் கையில் பொருளோடு ஏறாதீர்கள். கூடையை முதலில் உள்ளே வைத்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். ரோட்டைப் பார்த்துக் குதிப்பதுதான் ஆபத்து. வண்டி முழுதாக நின்று, கை பிரேக் போட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

கூட்டத்தில் கேட்க ஏழு கேள்விகள்

1. படியைச் சேசிஸில் மாட்டியிருக்கிறார்களா, தகட்டிலா?
2. தகடும் குழாயும் எத்தனை கேஜ்? எடை போட்டுப் பார்த்தோமா?
3. ஒரு பக்கத்துக்கு எத்தனை பிராக்கெட்? போல்ட்டில் 8.8 இருக்கிறதா?
4. படி வண்டி அகலத்துக்குள் இருக்கிறதா? வேகத்தடையில் இடிக்காதா?
5. ஈரக் காலில் வழுக்குமா? புடவை சிக்குமா?
6. பில்லும் வாரண்டியும் கோப்பில் இருக்கின்றனவா?
7. கடைசியாகப் போல்ட் முறுக்கியது எந்தத் தேதி?

ஏற்கெனவே படி மாட்டிய வண்டி வைத்திருக்கும் குழுக்கள், இந்த வாரமே ஒருவர் குனிந்து அடியில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஓட்டையைச் சுற்றித் துருவோ விரிசலோ தெரிந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். படி இல்லாத வண்டியில் நாம் ஜாக்கிரதையாக ஏறுவோம். ஆடும் படியை நம்பித்தான் விழுவோம்.

எங்கள் அக்காவின் கால் சரியாகிவிட்டது. புதுப் படி மாட்டிய அன்று முதல் ஆளாக அவரைத்தான் ஏறச் சொன்னோம். அவர் ஏறவில்லை. முதலில் குனிந்து அடியில் பார்த்தார். பிராக்கெட்டைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகுதான், "ம்... இப்ப ஏறலாம்" என்று காலை வைத்தார்.

நாம் எல்லோரும் அப்படியே செய்வோம் சகோதரிகளே. பார்த்த பிறகு ஏறுவோம்.